சைதுன்னிசாவின் ஒற்றை வட்டங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஒரு துணிப்பையின் வாயில் நாடா கோத்தது.

பொங்கல் விடுமுறை. பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்துச் சந்தில் ஒரு தையல் மெஷின் சத்தம்கூட இல்லை. சைதுன்னிசா கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே துணி வட்டங்கள் குவிந்து கிடந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார், கட்டைவிரலால் நீவுவார், பைக்குள் போடுவார். மெஹ்ஜபின் நாடாவின் நுனியில் ஊக்கு மாட்டி, பை வாயின் மடிப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வட்டங்கள் அவள் கொண்டுவந்தவை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு அவிநாசி ரோட்டில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு துணியின் கனம் பார்க்க, வட்டக் கத்தியால் நாலைந்து வில்லைகள் வெட்டி எடை போடுவார்கள். எடையைக் குறித்துவிட்டால் வில்லைகளுக்கு வேலை முடிந்தது. கொஞ்ச காலம் அலமாரியில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். அப்படிப் போக இருந்தவற்றைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சைதுன்னிசா வேலை பார்த்த பனியன் கம்பெனியில், வேலைக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஓர் அறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். பைக்குள் கைவிட்டு, பார்க்காமல், தடவியே ஒரே மாதிரித் துணிகள் இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அந்த அறையின் முக்கியமான விளையாட்டு.

"ஏம்மா, எல்லாம் ஒத்தையாப் போடறீங்க? ஜோடி இல்லாம புள்ளைங்க என்னத்தத் தேடும்?"

"ஜோடி அதுங்ககிட்ட இருக்குது கண்ணு."

"கையில குடுத்து அனுப்பிச்சிட்டீங்களா? திரும்பி வந்த மாதிரிதான்."

"வரும் வரும். ஊருக்குப் போனதெல்லாம் அடுத்த ஞாயித்துக்கெழம வந்துரும். அன்னிக்கு இந்தப் பையக் கொண்டுட்டுப் போகோணும். வாக்குக் குடுத்துட்டேன்."

"ஞாயித்துக்கெழம கம்பெனி லீவாச்சே."

சைதுன்னிசா கண்ணைத் திறக்கவில்லை. "அதுங்க குடியிருக்கற லைன் ஊட்டுக்குப் போறேன். நீ ஊக்க விட்டுறாத. உள்ள போயிருச்சுன்னா தலகீழா நின்னாலும் எடுக்க முடியாது."

நாடா மறுபக்கம் வந்தது. மெஹ்ஜபின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடப் போனாள். அம்மா பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேண்டாம் சாமி. நீ போடற முடிச்சு லாரிக்குத் தார்ப்பாய் கட்டற முடிச்சு. புள்ளைங்க கையில அவுக்க வராது. நானே போட்டுக்கறேன்."

போடவில்லை. பை கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. புதன்கிழமை விடியற்காலை, தொழுகைப் பாயிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதம் சொன்னதுதான் பொய். அது மகளுக்குத் தெரிந்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

சைதுன்னிசா பிறந்தது வெள்ளகோவிலில். கியாசுதீனைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தார். கியாசுதீன் காதர்பேட்டையில், கம்பெனிகள் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பனியன் விற்றவர். தைரியமாகச் சிரித்தவர், தைரியமாகச் சிகரெட் பிடித்தவர். மெஹ்ஜபின் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அதன் பிறகு சைதுன்னிசா ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது கம்பெனி இல்லை, தகரக் கூரை போட்ட ஒரு செட்டு. தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, ஊசி வெட்டு இருக்கிறதா என்று மேசையில் விரித்துப் பார்க்கும் வேலை. முதலாளி தன்னைவிட மூத்தவரான அவரை அக்கா என்று கூப்பிட்டார். நோன்புக் காலத்தில் கஞ்சித் தூக்கு முதலாளி வீட்டுக்கும் போகும். செட்டு இரண்டு மாடி ஆயிற்று, நான்கு மாடி ஆயிற்று. அக்கா என்று கூப்பிடுவது மாறவில்லை.

பிறகு கண் மங்கியது. ஓட்டையுள்ள உருப்படிகள் அவர் மேசையைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஈஸ்வரமூர்த்தி நிறுத்தவில்லை.

"ஊட்டுக்கெல்லாம் போக வேண்டாங்க்கா. கீழ ஒரு ரூம் சும்மா கெடக்குது. அதப் பாத்துக்கங்க."

அந்த அறை சும்மா கிடந்ததற்குக் காரணம் இருந்தது. பெண்கள் இத்தனை பேர் வேலை செய்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சட்டம். வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் ஆடிட்காரர்கள் அதையும் பார்ப்பார்கள். ஆகவே சுவரில் முயலும் யானையும் வரைந்து, பொம்மைகளைக் கவர் பிரிக்காமல் அடுக்கி, அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆடிட் அன்றைக்குத் திறப்பார்கள். அன்று ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள் நான்கைந்து நல்ல சட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கும். மறுநாள் பூட்டு.

சாவி வாட்ச்மேன் சுடலையிடம் இருந்தது. சைதுன்னிசா முதல் நாளே போய்க் கை நீட்டினார்.

"தெனமும் தெறக்கப் போறியளா?" என்று சுடலை கேட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"பின்ன என்ன, பூட்டுக்குக் காவல் இருக்கறதுக்கு எனக்குச் சம்பளமா? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

சுடலை அதை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த பிள்ளைகளில் ஒருவன் ரித்தீஷ். தையல் பிரிவில் வேலை பார்த்த சித்ராதேவியின் மகன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. காலையில் ஆரம்பித்த அழுகை சாயங்காலம்தான் நிற்கும். சைதுன்னிசா ஒரு நாள் கட்டிங் பிரிவில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை அவன் கையில் திணித்தார். உட்புறம் பஞ்சு எழுப்பிய குளிர்காலத் துணி. அவன் அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தான். அழுகை நின்றது. அதற்குப் பதிலாக வேறு துணி கொடுத்தார். தூக்கி எறிந்தான். பழையதைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருக்க அம்மா இதைச் சொன்னது மெஹ்ஜபினுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவனுக்கு வித்தியாசம் தெரியுது கண்ணு. வாயிக்குத்தான் வரல, கைக்கு வருது." அந்த வாரமே மெஹ்ஜபின் வட்டங்களைக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

அதன் பிறகு அந்த அறை வளர்ந்தது. நூல் தீர்ந்த அட்டைக் கோன்களுக்குள் புளியங்கொட்டை, கூழாங்கல், பழைய பட்டன் என்று தனித்தனியாகப் போட்டு, வாயைத் துணியால் மூடித் தைத்தார். குலுக்கிப் பார்த்து ஒரே சத்தம் உள்ளதைச் சேர்க்க வேண்டும். சின்னது எதுவும் வெளியே வராதபடி இரட்டைத் தையல், ஏனென்றால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உலகமே வாய்க்குள் போவதற்குத்தான் இருக்கிறது. தட்டுகளில் மணல், தேங்காய் நார், ஈரக் களிமண், கடைசியில் அந்தப் பஞ்சுத் துணி. பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வரிசையாக அதன்மேல் நடக்கும். மூடியில் துளை போட்ட சின்ன டப்பாக்களில் வாசனைகள். ஊத்துக்குளி நெய் துடைத்த பஞ்சு ஒன்றில், வேப்பிலை ஒன்றில், சோப்பு ஒன்றில், மெஷின் எண்ணெய் ஒன்றில். அரிசி, பருப்பு மட்டும் கூடாது. தின்கிற பொருளைக் காலில் மிதிக்கவோ கையில் அளையவோ விடமாட்டார்.

ஒரு சட்டம் வைத்திருந்தார். கை பார்த்து முடிக்கும்வரை யாரும் பெயரைச் சொல்லக் கூடாது, அவரும் சொல்ல மாட்டார். அதனால் துணிகளுக்குப் பிள்ளைகளே பெயர் வைத்தன. மெஹ்ஜபினின் பரிசோதனைக் கூடத்தில் பிக்கே என்று சொல்லும் பொட்டுப் பொட்டான துணிக்கு எறும்பு ஊடு. அந்தப் பெயர் ரித்தீஷ் வைத்தது. அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. வெட்டியதும் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும் மெல்லிய துணிக்குத் தூங்குமூஞ்சி. வரி வரியாக இழுபடும் துணிக்கு ரோடு. பஞ்சுத் துணி பூனை வயிறு. மெஹ்ஜபின் வேலையிடத்தில் ஒரு தடவை வாய் தவறி, "இந்த எறும்பு ஊடு எடை கம்மியா இருக்குது," என்று சொல்லிவிட்டாள். அதன்பின் அங்கேயும் அதுவே பெயர்.

தினமும் சாயங்காலம் டீயோடு ஒரு கதை வரும். இன்றைக்கு யார் எதைத் தொட்டு என்ன சொன்னது என்று. கியாசுதீன் போன வீட்டில் இரண்டே பேர். அந்தக் கதைகள்தான் மூன்றாவது ஆள்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த பிறகு வந்த கதைகள் இன்னும் நன்றாக இருந்தன. அவற்றில் ஒன்றை மெஹ்ஜபின் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ரித்தீஷ் வாசனை டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தான். நெய்யை முகர்ந்து சும்மா வைத்தான், வேப்பிலைக்கு மூஞ்சியைச் சுளித்தான். மெஷின் எண்ணெய் டப்பாவை முகர்ந்தான். திரும்ப முகர்ந்தான். பிறகு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அம்மா," என்றான்.

"அழுதுட்டேன் கண்ணு," என்றார் சைதுன்னிசா. கேட்ட மகளும் அழுதாள்.

அந்த நாட்களில்தான் அறையின் சாமான்கள் மூன்று மூட்டையாக வீட்டுக்கு வந்தன. துவைத்துக் காயப்போடுவதற்கு என்றார். மார்கழிக் கடைசியில் திரும்பிப் போயின. இரண்டாம் நாளே மறுபடி வந்தன. மறுபடியும் துவைக்க. சளி பிடித்த பிள்ளைகள், அடிக்கடி துவைக்கத்தானே வேண்டும் என்று மெஹ்ஜபின் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. சனிக்கிழமை ஈஸ்வரமூர்த்தி வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளிக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

"அக்கா இல்லாத கம்பெனிய நெனச்சுப் பாக்க முடியல கண்ணு. செட்டுக் காலத்துல இருந்து கூட இருந்தவங்க. எங்கூட்டுல யாரும் இன்னும் சரியாச் சோறு திங்கல."

மெஹ்ஜபின் டீ வைத்தாள். குடித்தார்.

"ஒண்ணு கேக்கோணும். இந்த நேரத்துல கேக்கறானேன்னு நெனச்சுக்காதீங்க. அக்கா செஞ்ச அந்த வெளையாட்டுச் சாமானெல்லாம் இங்கதான் இருக்குதுங்களா?"

"இங்கதானுங்க. துவைக்கறக்குன்னு கொண்டாந்தாங்க."

"துவைக்கறக்கு," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாங்க ஆமாங்க. நாளைக்கு சுடலைய ஆட்டோவோட அனுப்பறேன். செவ்வாக்கெழம வெளிநாட்டாளுக வர்றாங்க. அக்கா போட்டோ இருந்தா ஒண்ணு குடுங்க. பெருசாப் போட்டு அந்த ரூம்லயே மாலை போட்டு வெச்சரலாம்."

"போட்டோவுக்கு மாலையெல்லாம் நாங்க போடறதில்லீங்க."

"அப்பிடீன்னா சும்மா மாட்டிக்கலாமுங்க. அதுக்கென்ன."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக. அம்மா முகம் ஒரு சுவரில் இருக்கும், அதற்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் என்று தோன்றியது. போட்டோவை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி வாக்கில் சுடலை வந்தார். ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மெஹ்ஜபின் மூட்டைகளை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். அவர் ஒரு மூட்டையின் கழுத்தைப் பிடித்தார். தூக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கண்ணா, கனமா இருக்குதா?"

"கனந்தான் தாயி. இத என்னால ரெண்டாந்தடவ தூக்க முடியாது."

"ரெண்டாந்தடவையா?"

சுடலை அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதா? அம்மா சொல்லலியா?"

"என்ன சொல்லோணும்?"

"அங்க ரூம்பு ஏது தாயி? தீவாளிக்குப் பொறவு சாம்பிள் தைக்க நாலு மெஷினப் போட்டு ஆளுகள ஒக்கார வச்சிட்டாவ. எடம் பத்தலைன்னு. புள்ளைய எல்லாம் லைன் வீட்டுலதான் கெடக்கு. மூத்தது எளையதப் பாத்துக்கிடுது. தாய்க்காரி மத்தியானம் ஓடிப்போயிப் பாத்துட்டு வருவா."

"அம்மா தெனமும் போனாங்களே. போயி என்ன பண்ணாங்க?"

"பிசிறு வெட்டுத எடத்துல நின்னாவ. நூல் கத்திரிய மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு. பாக்க முடியாது."

சுடலை நிறுத்தவில்லை. தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மார்கழியில் ஆடிட் வந்தது. முந்தின நாள் முதலாளி சைதுன்னிசாவைக் கூப்பிட்டார். அக்கா, நாளை ஒரு நாளைக்கு ரூமைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிடுங்கள், நாளை மறுநாளிலிருந்து நிஜமாகவே திறந்து வைத்துவிடலாம் என்றார். என் பிள்ளைமேல் சத்தியம் என்றும் சொன்னார். சுடலை பக்கத்தில் நின்றிருந்தார். தையல் மெஷின்களை மாடிக்கு ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். இந்த மூட்டைகளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"அம்மா நம்புனாவ. நானும் நம்புனேன், சும்மா சொல்லக் கூடாது. புள்ளைய எல்லாம் வந்துச்சு. ரூம்பு தொறந்துட்டுன்னு அதுக ஆடுன ஆட்டம் இருக்கே. ஆடிட்டு பண்ண வந்த பொம்பள மண்டி போட்டு ஒக்காந்து, தானும் கண்ண மூடிப் பைக்குள்ள கைய விட்டுப் பாத்துச்சு. பொறவு அம்மாட்ட கேட்டுச்சு, இது தெனமும் தொறந்திருக்குமான்னு. கூட வந்தவரு தமிழ்ல சொன்னாரு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'தெனமுந்தாங்க'ன்னாவ."

சந்தில் யாரோ சைக்கிளில் போனார்கள். சுடலை குரலைத் தாழ்த்தினார்.

"சாயங்காலம் புள்ளைய கௌம்புதப்ப ஆளுக்கொரு துணியக் கையில குடுத்தாவ. நாளைக்குக் கொண்டு வா, இதோட ஜோடி பைக்குள்ள தூங்குது, தேடி எழுப்புவோம்னு. மறுநாள் காலைல எட்டு மணிக்கு எல்லாம் துணியப் பிடிச்சுக்கிட்டு வரிசையா வந்து நிக்கி. ரூம்பு பூட்டிக் கெடக்கு. உள்ள மெஷின் எறக்கியாச்சு. ஒரு புள்ள கதவத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அம்மா வந்து நின்னாவ. பொறவுதான், பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வாங்க, வந்த ஞாயித்துக்கெழம நானே பையத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வாரேன்னாவ."

"மொதலாளிகிட்டக் கேக்கலீங்களா?"

"கேட்டாவ. பொங்கல் கழியட்டுங்க்கான்னுட்டாரு."

மெஹ்ஜபின் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். ஈஸ்வரமூர்த்தி முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு கண்ணு. சுடலை வந்துட்டாப்லயா?"

"அந்த ரூம் செவ்வாக்கெழம ஒரு நாளைக்குத்தானுங்களா?"

அந்தப் பக்கம் அதே பதமான குரல். மரியாதையில் ஒரு நூல் குறையவில்லை.

"எடம் பத்தலீங்க கண்ணு. புதுக் கட்டடம் வரட்டும், மொத ரூம் புள்ளைங்களுக்குத்தான். இது அக்காவுக்குத் தெரிஞ்சதுதானுங்க. அவங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணும் பண்ணல. அவங்களே அன்னிக்கு வாயத் தொறந்து, தெனமும்னு சொன்னாங்க. கம்பெனி மேல அவ்வளவு பாசம்."

"எங்கம்மா போட்டோவத் திருப்பி அனுப்பிருங்க."

"ஏங் கண்ணு, கோவப்பட்டுட்டீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த ஆள் பொய் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டே தினமும் டீ டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து கதை சொன்னார். பிசிறு வெட்டிக் கை காய்ந்து வந்து, மணல் தட்டில் நடந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். முதலாளி அம்மாவை ஏமாற்றினார். அம்மா ஆடிட்காரியிடம் பொய் சொன்னார். அந்தப் பொய்யால் பிள்ளைகள் பூட்டிய கதவின் முன்னால் நின்றன. வீட்டில் ஒருத்தி தீபாவளியிலிருந்து ஒன்றும் தெரியாமல் வட்டம் சேர்த்துக்கொண்டிருந்தாள். வேலையிடத்தில் எந்தத் துணியையும், யாரோ அதன் பேரைச் சொன்னதற்காக அவள் நம்பியதில்லை. வெட்டி, எடை போட்டு, நனைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவாள். வீட்டில் அப்படிச் செய்யத் தோன்றியதே இல்லை.

வாசலுக்கு வந்தாள். சுடலை இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்கண்ணா. இது எதுவும் வராது."

"மொதலாளி கேட்டா என்ன சொல்ல?"

"துவைக்கப் போட்டிருக்குன்னு சொல்லுங்க."

சுடலை சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வெறும் ஆட்டோ திரும்பிப் போனது.

சைதுன்னிசாவின் போன் அலமாரியில், அணைக்காமல், சார்ஜ் குறைந்து கிடந்தது. அதில் சித்ராதேவியின் எண் இருந்தது. மெஹ்ஜபின் அதிலிருந்தே கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல், யாரோ பாட்டு வைத்திருக்கிறார்கள்.

"அம்மா, சொல்லுங்கம்மா! தாராபுரம் தாண்டியாச்சு, வந்துக்கிட்டே இருக்கோம். நீங்க மறந்துருவீங்களோன்னு ரித்தீஷு காலையில இருந்து உசுர வாங்குறான். அந்தத் துணியக் கையவிட்டு எறக்கல. ஊருல ஒருநாள் தொவைச்சுப் போட்டேன், எறும்பு ஊட்ட நனைச்சிட்டியேன்னு ஒரு பாட்டம் அழுகை. நாலு மணிக்கு வேப்பமரத்தடியில எல்லாப் புள்ளையும் இருக்கும்மா. நீங்க மெதுவா வாங்க, வெய்யில்ல வராதீங்க."

"நான் அவங்க மக பேசறேனுங்க."

"அட, அக்காவா! அம்மா எங்க?"

மெஹ்ஜபின் சொன்னாள். மூன்று சொல்லில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ பாட்டை நிறுத்தச் சொன்னது கேட்டது. சித்ராதேவி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று புரிந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளைக் குரல், "யாரும்மா? பை அம்மாவா?" என்று கேட்டது.

மெஹ்ஜபின் காத்திருந்தாள். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனாலும் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பையன் மெஷின் எண்ணெய் டப்பாவ மோந்து பாத்துட்டு, அம்மான்னு சொன்னானா?"

"எப்பக்கா?"

"தீபாவளி கழிச்சு."

"தீபாவளி கழிச்சு ரூமு ஏதுக்கா? பூட்டிப் போட்டாங்களே." மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கு முந்தி அவன் சொல்லியிருக்கலாம். அம்மா எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க அங்க வந்து சத்தம் போடுவீங்கன்னுதான் ஒங்ககிட்டயும் சொல்ல வேணாம்னாங்க. எங்க லைன் வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"சரிங்க," என்றாள் மெஹ்ஜபின்.

"அக்கா, புள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்ல? நாலு மணிக்குன்னு..." பஸ் எங்கோ திரும்பியது. தொடர்பு அறுந்தது. போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது.

அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டாள். மூன்றாவது மூட்டை வாய் பிரிந்து, வாசனை டப்பா ஒன்று உருண்டு வந்தது. எடுத்து முகர்ந்தாள். மெஷின் எண்ணெய். சைதுன்னிசா இருபது வருஷமாக முந்தானையில் கொண்டுவந்த வாசம். அவளால் அந்த டப்பாவைத் திரும்ப மூட்டைக்குள் போட முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

மணி மூன்றரை ஆயிற்று. கதவுக்குப் பின்னால் பை தொங்கியது. உள்ளே ஒற்றை வட்டங்கள். ஜோடிகள் தாராபுரம் ரோட்டிலும் மற்ற ரோடுகளிலும் பிள்ளைகளின் கையில் வந்துகொண்டிருந்தன. நாடாவின் இரண்டு நுனிகளும் முடிச்சில்லாமல் தொங்கின.